இரண்டு பட்டியலிலும் உன் அத்தை

நீ அனுப்பிய செய்தியை நான் படித்துவிட்டேன் என்று உன் கைபேசி உனக்குச் சொல்லியிருக்கும். பதினொரு நாளாகப் பதில் போடவில்லை என்பதையும் அதுவே சொல்லியிருக்கும். அம்மா கோபமாக இருக்கிறாளா என்று அப்பாவிடம் கேட்டாயாம். கோபம் இல்லை. ஓர் ஆசிரியையிடம் அவள் நடத்திய பாடத்தையே யாராவது திருப்பி நீட்டினால், அதில் பிழை எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கொஞ்ச நாள் ஆகும். பார்த்துவிட்டேன். பிழை உன்னுடையது மட்டும் இல்லை. அதனால்தான் இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். சிதம்பரத்தில் இருபத்து நான்கு வருடமாக என் வகுப்பில் உட்கார்ந்து எழுந்து போன பிள்ளைகளில் சிலராவது இதைப் படிப்பார்கள். அவர்களிடமிருந்தும் ஒரு வாக்கியத்தை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

நீ எழுதியதை அப்படியே இங்கே தருகிறேன், பிறகு நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லாதே. "அம்மா, கல்யாணத்த சிங்கிள் இன்ஹெரிட்டன்ஸா வச்சுக்கலாம். காலைல சர்ச்சுல ஜெனிட்டா வீட்டு ஆளுங்க முறை மட்டும். அப்பா ஊர்க்காரங்கள சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வரச் சொல்லிடலாம், அது இன்டர்ஃபேஸ் மாதிரி. முடிச்சு போட ஜெனிட்டாவோட அண்ணி இருக்காங்க. அத்தைய உள்ள கொண்டாந்தா குழப்பம். நீதானே கிளாஸ்ல சொல்லுவ, ரெண்டு பேரன்ட் வச்சா வம்புன்னு." கடைசியில் சிரிக்கிற ஒரு மஞ்சள் முகம் வேறு. உன் கல்யாணத்தில் ஜெனிட்டாவின் கழுத்தில் தாலியின் முதல் முடிச்சை நீ போட்டதும் மற்ற இரண்டையும் உன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். சர்ச்சில் கட்டினாலும் கோயிலில் கட்டினாலும் நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். உனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் அப்பாவின் அக்கா, உன் பூங்காவனம் அத்தை. நீ பத்தாவது படிக்கும்போதே அவரிடம் "என் கல்யாணத்துல நீதான் முடிச்சு போடணும்" என்று சொன்னவன். அவரை இப்போது சாயங்காலத்துக்குத் தள்ளுகிறாய், அதற்கு என் பாடத்தைக் காரணம் காட்டுகிறாய்.

பாடம் உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிரல் எழுதும்போது ஒரு வகையான பொருளுக்குக் கிளாஸ் என்று ஒரு வார்ப்பு செய்கிறோம். ஏற்கெனவே இருக்கிற கிளாஸிலிருந்து புதிய கிளாஸை உண்டாக்கினால், பெற்றோருக்குத் தெரிந்த வேலை எல்லாம் பிள்ளைக்குத் தானாகத் தெரிந்துவிடும். இதுதான் மரபுரிமை, நீ சொன்ன இன்ஹெரிட்டன்ஸ். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெற்றோர் வைத்தால் என்ன ஆகும்? இருவரிடமும் ஒரே பெயரில் ஒரு வேலை இருந்து, இருவரும் அதை வெவ்வேறு விதமாகச் செய்தால், பிள்ளை யார் சொல்வதைக் கேட்கும்? சி பிளஸ் பிளஸ் என்ற மொழி இதை அனுமதித்துவிட்டு, யாருடையது என்று நீயே பெயர் சொல் என்கிறது. பின்னால் வந்த ஜாவா, வம்பே வேண்டாம், ஒரு பெற்றோர்தான் என்று கதவைச் சாத்தியது. வேண்டுமானால் இன்டர்ஃபேஸ் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றது. இன்டர்ஃபேஸ் என்பது வெறும் வாக்கு. இன்ன இன்ன வேலையைச் செய்வேன் என்று பெயர் மட்டும் இருக்கும், எப்படிச் செய்வது என்று ஒரு வரிகூட இருக்காது. நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் இரண்டு பெற்றோர் படத்தை வரைந்து, அதன் மேல் பெருக்கல் குறி போட்டு, "குழப்பம், தொடாதீர்கள்" என்று சொல்லி அழித்துவிடுவேன். அந்தப் பெருக்கல் குறியைத்தான் இன்று திரும்பப் பெறுகிறேன்.

உன் அப்பாவும் நானும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டது உனக்குத் தெரியும். கடலூரில் என் கிறிஸ்தவ வீட்டின் கதவு மூடியிருந்தது. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் ஊரில், வேதக்காரப் பெண்ணைக் கட்டினால் கரையில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை, ஒருத்தர் தவிர. சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த அத்தை, வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அலுவலக எழுத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா நீ?" என்று கேட்டார். "மாப்ள அக்கா. சட்டுனு கையெழுத்த வாங்குங்க சார், கூடைய வாசல்ல வச்சிட்டு வந்திருக்கேன், காக்கா ஜாஸ்தி" என்றார். அப்பா முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவர்தான் போட்டார். என் கழுத்தில் இரண்டு நாள் மத்தி வாசனை இருந்தது. அதைப் பற்றி நான் புகார் சொன்னதாக அப்பா இன்றைக்கும் கிண்டல் செய்வார். புகார் சொன்னேன் என்பது உண்மைதான்.

இனி நான் உன்னிடம் இதுவரை சொல்லாதது. உனக்கு நாலு வயது இருக்கும்போது கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுக்க ஒரு தொண்டு அமைப்பு வந்தது. யாருக்கு எந்த வீடு என்று பட்டியல் தயாரிக்க ஒரு நிரல் வேண்டும் என்றார்கள். அந்த ஊரின் மருமகள், கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள் என்று என்னைக் கேட்டார்கள். கரையில் கால் வைக்காதே என்ற ஊரே என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மேலே "உறுப்பினர்" என்று ஒரு கிளாஸ், அதற்குக் கீழே படகுக்காரர், வியாபாரி, கூலிக்காரர் என்று மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு ஆளும் இந்த மூன்றில் ஒன்று. படகுக்காரருக்கு, படகைப் பார்த்துக்கொள்ள வசதியாகக் கரையை ஒட்டிய வரிசையில் வீடு. மற்றவர்களுக்கு மேற்கே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. வகுப்பில் உதாரணமாகக்கூடக் காட்டினேன்.

அத்தையின் வீட்டுக்காரர் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோயிருந்தார். அவர் விட்டுப்போன ஃபைபர் படகை அத்தை விற்கவில்லை. ஆள் வைத்துக் கடலுக்கு அனுப்பினார், வருகிற மீனைத் தானே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்றார். பட்டியலுக்குப் பெயர் கொடுக்க வந்தபோது தொழில் என்ன என்று கேட்டேன். "போட்டும் வச்சிருக்கேன், மீனும் விக்கிறேன். ரெண்டுலயும் போடு" என்றார். "ரெண்டுல போட முடியாதுக்கா, குழப்பம் வரும். ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "அது எப்பிடி ஒண்ணு? ரெண்டும் நான்தானே?" "எது ஜாஸ்தி செய்றீங்களோ அத சொல்லுங்கக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க." "தெனமும் போறது மார்க்கெட்டுக்குத்தான்" என்றார். நான் வியாபாரி என்று அடித்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு கிடைத்தது. அங்கிருந்து படகு கண்ணுக்குத் தெரியாது. அவர் கரைக்கு வருவதற்குள் படகில் வந்த மீனில் பாதி கைமாறிவிடும். ஒரு முறை இன்ஜின் காணாமல் போனது. ஒரு வருடத்துக்குள் படகை விற்றுவிட்டார். அதன் பிறகு அவர் வியாபாரி மட்டும்தான். நான் பட்டியலில் அடித்தபடியே அவர் ஆகிவிட்டார். நிரலின் ஓட்டம் தவறவில்லை, ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. அந்த மொழி இரண்டு பெற்றோரைத் தடுத்ததா என்று நீ கேட்பாய். இல்லை. நான் எழுதியது சி பிளஸ் பிளஸில். அது இரண்டையும் ஏற்றுக்கொண்டிருக்கும், இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு என் படம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு மனுஷி இரண்டாக இருந்தது எனக்கு இடைஞ்சலாக இருந்தது. கம்ப்யூட்டர் போட்ட ஒதுக்கீடு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் திறக்கவில்லை.

இப்போது இந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். அழைப்பிதழின் தலையில் எந்தச் சாமி துணை என்று போடுவது என்பதற்கே உன் மாமனாரும் அப்பாவின் சித்தப்பாவும் ஒரு வாரம் போனில் சண்டை போட்டார்கள். பைத்தான் மொழியில் அடைப்புக்குறிக்குள் எந்தப் பெற்றோரை இடதுபக்கம் எழுதுகிறோமோ அவருடைய சொல்தான் முதலில் எடுபடும். நம் இரண்டு பெரியவர்களுக்கும் இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுடலாம் மேடம். இவர் பக்கம் கார்டத் திருப்பிப் பார்த்தா இவர் சாமி, அவர் பக்கம் திருப்பினா அவர் சாமி" என்றார் அச்சகத்துக்காரர். இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

அத்தை விஷயமாக நான் உன் மாமனாரிடம் நேரே போய்க் கேட்டேன். "வேற மதம் பாருங்க சம்பந்தியம்மா, பீடத்துக்கிட்ட நிக்கறதுன்னா பங்குச் சாமி ஒத்துக்க மாட்டாரு" என்றார். சரி, ஒத்துக்கொள்ளாதவரையே கேட்போம் என்று பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் சிரித்தார். "தாலிய மந்திரிச்சுக் குடுக்குறது என் வேலை. முடிச்சு யாரு போடுறாங்கங்கறது உங்க வீட்டு வேலை. அதுல என்னை ஏம்மா இழுக்குறீங்க?" இதைத் திரும்பி வந்து உன் மாமனாரிடம் சொன்னேன். பிறகு உண்மை வந்தது. "அதுக்கில்ல சம்பந்தியம்மா. அவுங்க வீட்டுக்காரரு இல்லாதவங்க. சுமங்கலி கை பட்டாத்தானே நல்லது?" அன்று மாலையே அப்பாவின் சித்தப்பா போன் செய்தார். சர்ச்சில் கல்யாணம் என்பதில் உன் மாமனாரோடு ஜென்மப் பகை கொண்டவர். "எல்லாம் சரி, பூங்காவனத்த மட்டும் முடிச்சுக்கு நிறுத்தாத. தாலியறுத்தவ கை ஆவாது" என்றார். ஒரு வாரமாக எந்த வார்த்தையிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள்.

இதற்கும் நம் பாடத்தில் ஒரு படம் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு பெற்றோர், அந்த இருவருக்கும் மேலே ஒரே மூதாதை. வரைந்தால் வைர வடிவம் வரும், அதனால் வைரச் சிக்கல் என்பார்கள். மேலே இருக்கிற ஒன்று இரண்டு வழியாகவும் இறங்கி வந்து பிள்ளையிடம் இரண்டு பிரதியாக உட்கார்ந்துகொள்ளும். நான் இதை வெறும் நினைவக விரயம் என்றுதான் நடத்தியிருக்கிறேன். உன் மாமனார் வீடும் அப்பா வீடும் வேறு வேறு சாமியைக் கும்பிடலாம், மேலே இருக்கிற அந்தப் பழைய கிளாஸை இருவரும் மாற்றவில்லை. புருஷன் செத்தால் பெண்ணின் கைக்குத் தோஷம் வந்துவிடும் என்ற வரி இந்த வழியிலும் வருகிறது, அந்த வழியிலும் வருகிறது. நீ ஒரு பெற்றோரை வெட்டிவிட்டால் அந்த வரி போய்விடாது. இரண்டுக்குப் பதில் ஒரு பிரதி இருக்கும். நீ எளிமை என்று சொன்னது அதைத்தான். உனக்கு இந்தக் காரணம் தெரிந்திருந்ததா, குழப்பம் என்ற வார்த்தைக்குள் அதை வைத்துத்தான் அனுப்பினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்வாய், அதைத் தாங்க எனக்கு இஷ்டமில்லை.

சாயங்கால ரிசப்ஷன் இன்டர்ஃபேஸ் மாதிரி என்கிறாய். அதைச் சரியாகத்தான் சொன்னாய். வருவார்கள், போட்டோவில் நிற்பார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், சொந்தம் என்ற பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதையும் உனக்குப் பழக்கிவிட்டவள் நான்தான். என் வீடு சமாதானமானபோது உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். அப்பாவின் ஊர் சமாதானமானபோது முடி இறக்கினோம். கிறிஸ்துமஸுக்கு ஓர் ஓரத்தில், மாசி மகத்துக்கு ஓர் ஓரத்தில் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். எதிலும் முழுசாக இறங்கினால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்ற பயம். உனக்கு இரண்டு பக்கத்திலும் பெயர் மட்டும் கிடைத்தது. அத்தை மட்டும்தான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கழிமுகத்துத் தண்ணீரில் இறக்கியவர். "தண்ணி குடிச்சா குடிக்கட்டும், ஒண்ணும் ஆவாது" என்று நான் கத்தக் கத்த உன்னை விட்டார். உனக்கு நீச்சல் தெரிவது அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுதான். உட்கார்ந்ததும் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "அது தெரியுமே" என்றார். "எப்படித் தெரியும்?" "கம்ப்யூட்டர் போட்டுச்சுன்னாங்க. கம்ப்யூட்டர ஆரு போட்டது? நீதானே." "இத்தன வருஷமா ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?" "நீ சொல்லுவன்னு பாத்தேன். படிச்சவ, லேட்டாத்தான் சொல்லுவ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. பிறகு முடிச்சைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு வாணாம்மா. அங்க நின்னா ரெண்டு பக்கத்து ஆளுங்களும் என் கையத்தான் பாப்பாங்க." "பாக்கட்டும். உங்க கை போட்ட முடிச்சுதான்க்கா என் கழுத்துல இருக்கு." அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப என் புருசன் இருந்தாரு" என்றார். கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்றேன். நீ கூப்புட்டு நான் வர மாட்டேன். உன் வீட்டுக்காரன் கூப்புட்டும் வர மாட்டேன். உன் மவன் கூப்புட்டா வரேன். பத்தாங்கிளாஸ்ல சொன்னவன் அவன்தானே, இப்பவும் அவன் வாயால சொல்லட்டும்" என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு நினைவுக்கு வந்தது, ஜாவாவே பிற்பாடு மனம் மாறியது. இன்டர்ஃபேஸுக்குள்ளும் செய்முறையை எழுதலாம் என்று அனுமதித்தது. உடனே சாத்திய கதவுக்குள்ளிருந்து பழைய கேள்வி வெளியே வந்தது. இரண்டு இன்டர்ஃபேஸ் ஒரே வேலையை வெவ்வேறு விதமாகச் சொன்னால்? நிரலைச் சரிபார்க்கிற கம்பைலர் இந்தப் பக்கமும் சாய்வதில்லை, அந்தப் பக்கமும் சாய்வதில்லை. பிள்ளை கிளாஸ் அந்த வேலையைத் தன் கையால் எழுதும்வரை நிரலை ஓடவிடாது. எழுதும்போது ஒரு பெற்றோருடையதை எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் கூப்பிடலாம், இரண்டையும் மறுத்துப் புதிதாகவும் எழுதலாம். ஆனால் பிள்ளைதான் எழுத வேண்டும். அந்தப் பிழைச் செய்தியை வகுப்பில் காட்டி, "பார்த்தீர்களா, வம்பு" என்று இத்தனை வருடம் சொன்னேன். அத்தை கத்திரிக்காய்க்கு நடுவில் சொன்னதும் அதே செய்திதான். இப்போது எனக்கு அது வம்பாகத் தெரியவில்லை.

ஆகவே நான் செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, இரண்டு சாமியும் இருக்கிறார்கள். முடிச்சுக்கு யார் என்று உன் மாமனார் கேட்டபோது என் மகனைக் கேளுங்கள் என்றேன். அப்பாவின் சித்தப்பாவுக்கும் அதையே சொன்னேன். ஜெனிட்டாவிடம் பேசினேன். "எனக்கு அத்தை போட்டா சந்தோஷம் ஆன்ட்டி, உங்க பையன்தான் பயப்படுறாரு" என்றாள். இந்தக் கடிதம் வெளியான பிறகு இரண்டு வீட்டிலும் என் மேல் வருத்தப்படுவார்கள். படட்டும். கையில் தோஷம் என்று சொல்ல வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும், நான் கேட்க உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை அத்தையை நான் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டு வெட்டிவிட்டேன். என் மகன் கையால் இன்னொரு தடவை அது நடப்பதை முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து பார்க்க மாட்டேன். அன்றைக்குக் காலையில் அத்தை எங்கே இருக்கிறாரோ அங்கேதான் நானும் இருப்பேன். அவர் பீடத்தின் படியில் நின்றால் நானும் அங்கே நிற்பேன். அவர் சாயங்காலம்தான் வர வேண்டும் என்றால் நானும் சாயங்காலம்தான் வருவேன், அவரோடு, சிதம்பரத்தில் பஸ் மாறி.

அவருடைய நம்பர் உன்னிடம் இருக்கிறது. காலையில் கூப்பிடாதே, வியாபார நேரம், எடுக்க மாட்டார். பதினொரு மணிக்கு மேல் கூப்பிடு.